வானலைகளைக் குழப்பியவர்கள்

இலண்டன் ஹைகேற் முருகன் ஆலயத்துக்குச் சென்றுவரும் எம்மவர்க்கு, அதற்குச் சற்று வடக்கே குன்றின்மீது நிற்கும் அலெக்சாண்ட்ரா மாளிகை புதிதன்று. அதன் கோபுரத்தின் மேல் உயர்ந்து நிற்கும் கம்பத்திலிருந்தே 1936 நவம்பரில் பி.பி.சி. தனது தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கிற்று. 1939 செப்டெம்பர் முதலாந் திகதி, போர் மூளும் தறுவாயில், அது நிறுத்தப்பட்டது. ஆனால் 1941இன் தொடக்கத்தில் அந்த ஒலிபரப்பி மீண்டும் இயங்கியது. இம்முறை அதன் நேயர்கள் இலண்டன் மக்கள் அல்லர். வட பிரான்சில் கருவிகளின் முன் அமர்ந்திருந்த ஜேர்மன் வான்படையினர். தாம் கேட்பது அலெக்சாண்ட்ரா மாளிகையின் குரல் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதற்காகவே அது மிகத் தாழ்ந்த வலுவில் தொடங்கப்பட்டது.

இந்த வரலாற்றை எழுதப் புகுமுன் ஒரு விளக்கம். யான் கலைப்பட்டதாரி; மின்காந்த அலைகளைப் பற்றிப் பௌதிகவியல் ஆசிரியர்கள் கூறுமளவுக்குக் கூற வல்லேன் அல்லேன். எனினும் வானலையில் ஏற்படும் குழப்பம் யாதென்பதை எமது தலைமுறைக்குப் பாடப்புத்தகம் கற்பிக்கத் தேவையில்லை. மின்சாரம் அற்றுப்போன நாட்களில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி, சிற்றலையில் தமிழோசையைத் தேடி, முள்ளை மயிரிழை அளவு நகர்த்தி, இரைச்சலுக்கு நடுவே செய்தியைப் பிடித்தவர்கள் நாம். பொம்மரின் ஒலி கேட்டதும் பதுங்குகுழிக்குள் இறங்கி, அது எந்தத் திசையில் திரும்புகிறது என்று செவியால் அளந்தவர்களும் நாமே. 1940இல் பிரித்தானியாவில் ஒரு சிறு குழுவினர் இவ்விரண்டு வேலைகளையும் தமது தொழிலாகக் கொண்டிருந்தனர்.

இரவில் ஓர் அந்நிய நாட்டின்மேல் பறக்கும் விமானி தான் எங்கிருக்கிறான் என்று அறிவது எளிதன்று. நட்சத்திரங்களை முகில் மறைக்கும். ஊர்கள் விளக்கணைத்துக் கிடக்கும். பகைநாட்டு வானொலி நிலையங்கள்கூட அவனுக்கு வழிகாட்டிகள் ஆகலாம். ஒலி வரும் திசையை அளந்தால் தான் இருக்கும் இடத்தைக் கணித்துவிடலாம். ஆகவே போர் தொடங்கியதுமே பி.பி.சி.யின் பல நிலையங்கள் ஒரே அலைவரிசையில் ஒருமித்துப் பேசுமாறு அமைக்கப்பட்டன. எது எங்கிருந்து பேசுகிறது என்று பிரித்தறிய முடியாத நிலை. பகை விமானம் ஒரு நிலையத்தை நெருங்கினால் அந்நிலையம் வாய்மூடும். எந்த நிலையம் எந்த அலையில் பேசலாம், எப்போது மௌனிக்க வேண்டும் என்பது அன்று படைத்துறைக் கட்டளைக்குரிய விடயமாயிற்று.

ஜேர்மனியர் இந்தத் தடையை எதிர்பார்த்திருந்தனர். அவர்கள் தமக்கென வேறு வழி சமைத்திருந்தனர். போருக்கு முன்பே லோரன்ஸ் நிறுவனம், மூடுபனியில் விமானம் தரையிறங்க உதவும் ஒரு முறையை ஆக்கியிருந்தது. அருகருகே இரு வானொலிக் கற்றைகள். ஒன்றில் புள்ளிகளாக ஒலி, மற்றதில் கோடுகளாக ஒலி. நடுவே பறப்பவனுக்கு இரண்டும் இணைந்து ஒரே தொடரொலியாகக் கேட்கும். இடப்புறம் விலகினாலும் வலப்புறம் விலகினாலும் செவியே அதனை உணர்த்திவிடும். இதே முறையைப் பேருருவாக்கி, ஜேர்மன் எல்லையிலுள்ள கிளேவேயிலிருந்து ஒரு கற்றையை இங்கிலாந்தின் மேல் நீட்டி, வேறோர் இடத்திலிருந்து இன்னொரு கற்றையை அதனைக் குறுக்கே வெட்டச் செய்தால், வெட்டும் புள்ளியில் குண்டைப் போடலாம். நிலவும் வேண்டியதில்லை, நிலத்தைக் காணவும் வேண்டியதில்லை. இதற்கு அவர்கள் இட்ட பெயர் 'க்னிக்கபைன்'. வளைந்த கால் என்று பொருள்.

இதனைக் கண்டறிந்தவர் ஆர். வி. ஜோன்ஸ். வான்படை அமைச்சின் புலனாய்வில் பணியாற்றிய அவருக்கு அப்போது வயது 28. சிறைப்பட்ட விமானிகளின் பேச்சு, வீழ்ந்த விமானத்தில் கிடைத்த ஒரு காகிதத் துண்டு, மறைமொழி உடைத்துப் படிக்கப்பட்ட ஒரு வரிச் செய்தி: இவைதாம் அவர் கையிலிருந்த சான்றுகள். அவரைத் தெளிவித்தது மிகச் சாதாரணமான ஒரு விடை. வீழ்ந்த விமானத்திலிருந்த லோரன்ஸ் வாங்கியை ஆராய்ந்த பொறியியலாளரிடம், அதில் வழமைக்கு மாறாக ஏதும் உண்டோ என வினவினார் ஜோன்ஸ். பெரிதாக ஒன்றுமில்லை, தரையிறங்குவதற்குத் தேவையானதைவிடக் கூர்மையான செவி அதற்கு உண்டு என்று விடை வந்தது. எவரும் வினவாதிருந்தமையால் எவரும் கூறவுமில்லை.

1940 ஜூன் 21ஆந் திகதி காலை, பிரதமர் இல்லத்துக்கு வருமாறு அவருக்குச் செய்தி கிடைத்தது. நண்பர்களின் குறும்பு என எண்ணித் தாமதமாகவே சென்றார். அங்கே சேர்ச்சிலும் அமைச்சர்களும் வான்படைத் தலைவர்களும் கூடியிருந்தனர். ஏறத்தாழ இருபது நிமிடம் அவர் கதையைச் சொல்ல, சேர்ச்சில் கேட்டிருந்தார். அன்று பிற்பகலே, இத்தகைய அலை பூமியின் வளைவைத் தாண்டி இவ்வளவு தூரம் வராது என்று வானொலித் துறையின் பேரறிஞர் ஒருவர் மறுத்தமையால், தேடல் விமானத்தை நிறுத்திவிடச் சிலர் முனைந்தனர். நிறுத்தினால் யார் நிறுத்தினார் என்பதைப் பிரதமருக்கு அறிவிப்பேன் என்றார் ஜோன்ஸ். விமானம் புறப்பட்டது. பஃப்டன் என்ற அதிகாரியும் மக்கி என்ற வானொலி இயக்குநரும் அன்றிரவு ஸ்போல்டிங் என்ற ஊருக்கருகே அந்தக் கற்றையைக் கண்டனர். அகலம் 400 முதல் 500 யார், அலைவரிசை 31.5 மெகாஹேர்ட்ஸ். இரண்டாவது கற்றை அதனை வெட்டிய இடம் டார்பி நகரின் அயல். பிரித்தானியப் போர் விமானங்களுக்கு இயந்திரம் செய்த ரோல்ஸ் றோய்ஸ் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது.

நோயைக் கண்டாயிற்று, இனி மருந்து. ஜேர்மன் கற்றைகளுக்குத் 'தலைவலி' என்றும், அதற்கெதிரான குழப்பொலிக்கு 'அஸ்பிரின்' என்றும் மறைபெயரிட்டனர். விங் கொமாண்டர் அடிசன் என்பவரின் தலைமையில் உருவான 80ஆவது விங் என்ற அணி, ஹார்ட்ஃபோர்ட்ஷயரின் ராட்லெட்டில் தலைமையகம் அமைத்தது. தொடக்கத்தில் அவர்களிடம் கருவிகளே இல்லை. மருத்துவமனைகளில் மூட்டுநோவுக்கு வெப்பமூட்டும் மின்கருவிகளை வாங்கி, இரைச்சல் எழுப்புமாறு மாற்றி, நாட்டுப்புறக் காவல் நிலையங்களில் வைத்தனர். தொலைபேசியில் கட்டளை வந்ததும் காவலில் நிற்கும் கொன்ஸ்தாபிள் அதனை இயக்குவார். ராடர் கோபுரங்களின் உச்சியில், 300 அடிக்கு மேலான உயரத்தில், பெட்டி போன்ற கூட்டுக்குள் இருந்து இரவெல்லாம் கற்றைகளைத் தேடிக் கேட்டவர்களும் உண்டு. போர்வீரனின் பதக்கத்தை இவர்கள் தேடவில்லை. தேடியிருந்தாலும் செய்த வேலையை மனைவிக்குக்கூடச் சொல்ல அனுமதியில்லை.

பின்னாளில், பிரித்தானியர் கற்றையை வளைத்துக் குண்டுகளை வெறுநிலத்தில் விழச்செய்தனர் என ஒரு கதை பரவியது. கதை நயமானது, உண்மை அவ்வளவு நயமானதன்று. அஸ்பிரின் அனுப்பியவை ஜேர்மன் ஒலியோடு தாளம் பொருந்தாத கோடுகள். நடுவே பறப்பவன் விலகிவிட்டேனோ என ஐயுறுவான். திருத்த முயன்று மேலும் விலகுவான். அவன் எங்கே போய்ச் சேர்வான் என்பதைக் குழப்பியவர்களால் தீர்மானிக்க முடியாது.

க்னிக்கபைனின் பல் பிடுங்கப்பட்டபோது ஜேர்மனியர் இரண்டாவது கருவியை வெளிக்கொணர்ந்தனர். எக்ஸ் கருவி எனப்பட்ட அது 100ஆவது குண்டுவீச்சு அணிக்கு மட்டுமே உரியது. பிரான்சின் வான் நகரிலிருந்து எழும் அவ்வணி முன்னே சென்று இலக்கில் தீமூட்டும். ஏனைய விமானங்கள் அத்தீயைக் கண்டு குண்டெறியும். கற்றைகளுக்கு ஜேர்மன் நதிகளின் பெயர்கள். வேசர் வழிகாட்டும், ரைன், ஓடர், எல்பே மூன்றும் இலக்கை நெருங்க நெருங்கக் குறுக்கிடும். ஓடரில் ஒரு கடிகாரத்தை முடுக்குவான். எல்பேயில் மீண்டும் அழுத்துவான். குண்டு தானாகவே விழும்.

இதற்கும் குழப்பொலி ஆயத்தமாயிற்று. இராணுவத்தின் ராடர் கருவிகளை மாற்றியமைத்து, 'புரோமைட்' என்று பெயரிட்டனர். அலைவரிசையைச் சரியாகவே கண்டிருந்தனர். ஆனால் அந்த அலையின்மேல் ஏறிவரும் ஒலியின் சுருதியை அளந்த இடத்தில் பிழை நேர்ந்தது. ஜேர்மன் ஒலி வினாடிக்கு 2000 அதிர்வுகள். பிரித்தானியர் 1500 எனக் குறித்துக்கொண்டனர். 1500ஐ ஷட்ஜமம் என வைத்தால் 2000 சுத்த மத்திமம். வாய்ப்பாட்டு வகுப்புக்குச் செல்லும் எமது சிறுமியர் ஒரு கணத்தில் பிரித்தறியும் இடைவெளி. ஜேர்மன் வாங்கியிலோ 2000ஐ மட்டும் உள்ளே விட்டு ஏனையவற்றைத் தடுக்கும் வடிகட்டி ஒன்று இருந்தது. ஆகவே புரோமைட்டின் இரைச்சல் விமானியின் செவியை எட்டவே இல்லை.

இப்பிழையைத் திருத்த ஒரு வாய்ப்புக் கிட்டியது. 1940 நவம்பர் 6ஆந் திகதி, அவ்வணியின் ஹைன்கல் விமானம் ஒன்று திசைகாட்டி பழுதுற்று, பிரித்தானியர் அனுப்பிய போலிச் சமிக்ஞையாலும் ஏமாந்து, டோர்செற் கரையில் பிரிட்போர்ட்டுக்கு அண்மையில் கடலோரத்தில் இறங்கிற்று. எக்ஸ் கருவி உள்ளேயே இருந்தது. இராணுவத்தினர் அதற்குக் கயிறு கட்டினர். அப்போது கடற்படைக் கலம் ஒன்று வந்து, நீருக்குள் கிடப்பது எமக்குரியது என உரிமை கோரியது. கடற்படை இழுத்தது, கயிறு அறுந்தது, விமானம் ஆழத்தில் அமிழ்ந்தது. உப்பும் மணலும் ஏறிய நிலையில் கருவி பின்னர் ஆய்வாளரிடம் சேர்ந்தது. வடிகட்டியின் உண்மையான சுருதி 2000 என அவர்கள் அளந்து அறிந்தபோது கொவென்றி எரிந்து முடிந்திருந்தது.

நவம்பர் 14ஆந் திகதி இரவு. முழுநிலவு. 100ஆவது அணியின் பதின்மூன்று விமானங்கள் முதலில் தீமூட்டின. பின்னே 400க்கு மேற்பட்டவை வந்தன. ஏறத்தாழப் பதினொரு மணிநேரம் தாக்குதல் நீடித்தது. இறந்தோர் 568 பேர். இடைக்காலத்துப் பேராலயமான புனித மைக்கேல் தேவாலயம் சுவர்கள் மட்டும் எஞ்ச எரிந்தது. கூரையற்ற அச்சுவர்களை இன்றும் காணலாம்.

சுருதி சரியாக இருந்திருந்தால் கொவென்றி தப்பியிருக்குமா? அப்படிக் கூற எனக்குத் துணிவில்லை. நிலவொளியில் விமானிகள் நகரைக் கண்ணாலேயே கண்டிருப்பர். குழப்பொலி நிலையங்களும் அன்று ஒருசிலவே. கடற்கரையில் நடந்த அந்த உரிமைப்போட்டியை எண்ணும்போதுதான் மனம் ஆறவில்லை. எட்டு நாட்கள் கையில் இருந்தன. மறைமொழிச் செய்தியைக் காக்கச் சேர்ச்சில் கொவென்றியைப் பலியிட்டார் என்று 1974இல் வெளியான ஒரு நூலால் பரவிய கதையைப் பலர் இன்னும் நம்புகின்றனர். இலக்கு இலண்டன் என்றே அன்று பிற்பகல்வரை அவர் கருதியிருந்தார் என்பதே ஆவணங்கள் காட்டுவது. ஜோன்ஸும் 1978இல் வெளியிட்ட தமது நூலில் அக்கதையை மறுத்தார். பெரும் சதி ஒன்றைவிட ஓர் அளவுப் பிழையும் ஓர் அறுந்த கயிறும் நம்புவதற்குக் கடினமானவை போலும்.

சுருதி திருத்தப்பட்டபின் எக்ஸ் கருவியும் வலுவிழந்தது. மூன்றாவதாக வந்தது 'வோட்டான்'. அப்பெயரைக் கேட்டதும் ஜோன்ஸ் ஜேர்மன் மொழிப் பேராசிரியர் ஒருவரை அழைத்து வினவினார். வோட்டான் ஜேர்மானியப் புராணக் கடவுள். அவனுக்கு ஒற்றைக் கண். அப்படியானால் ஒரே கற்றை என ஜோன்ஸ் ஊகித்தார், ஊகம் பலித்தது. தரையிலிருந்து செல்லும் சமிக்ஞையை விமானம் திருப்பி அனுப்ப, சென்றுவந்த நேரத்தைக் கொண்டு தூரத்தை அளப்பதே இம்முறை. அது பயன்படுத்திய அலைவரிசை அலெக்சாண்ட்ரா மாளிகையின் தொலைக்காட்சி அலைவரிசைக்கு அண்மையது. ஆகவே ரொபர்ட் கொக்பர்ன் என்ற விஞ்ஞானி உறங்கிக் கிடந்த அந்நிலையத்தை எழுப்பினார். விமானத்தின் விடையைப் பிடித்து, அதையே மீண்டும் அனுப்பி, தரையில் அளப்பவனின் கணக்கைக் கெடுத்தது அது. வலுவைச் சிறிது சிறிதாகவே கூட்டினர். தமது கருவியிலேயே ஏதோ கோளாறு என்று ஜேர்மனியர் சில நாட்கள் தமக்குள் முரண்பட்டுக்கொண்டனர்.

இங்கேதான் வரலாற்றாசிரியர் தயங்கும் ஓர் இரவு வருகிறது. 1941 மே 31 அதிகாலை, நடுநிலை நாடான அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில், நோர்த் ஸ்ட்ராண்ட் என்ற தொழிலாளர் குடியிருப்பில் ஜேர்மன் குண்டுகள் விழுந்தன. 28 பேர் மாண்டனர். ஏறத்தாழ முந்நூறு வீடுகள் அழிந்தோ சிதைந்தோ போயின. அயர்லாந்துத் தீயணைப்புப் படை ஏப்ரலில் பெல்ஃபாஸ்ட்டுக்கு உதவியதற்கான பழிவாங்கல் இது என்றனர் சிலர். வழிதவறிய விமானத்தின் பிழை என்றனர் வேறு சிலர். சேர்ச்சிலோ தமது போர் நினைவு நூலில், இது வோட்டானுக்கு எதிரான தமது குழப்பொலியின் எண்ணாத விளைவாக இருந்திருக்கலாம் என்று எழுதினார். இருந்திருக்கலாம் என்பதற்கு மேல் எவரும் நிறுவியதில்லை. தலைக்கு மேல் வந்த குண்டு எங்கேனும் விழுந்தே தீரும் என்பதை ராட்லெட்டில் இரவு வேலை செய்தோர் அறியாதிருந்திருக்க முடியாது.

ஜூன் 5ஆந் திகதி டப்ளினில் மாண்டோர் பன்னிருவரின் இறுதி ஊர்வலத்தில் பிரதமர் டி வலேரா கலந்துகொண்டார். ஜேர்மனி அப்போதே வருத்தம் தெரிவித்தது. இழப்பீட்டுப் பணம் போருக்குப் பின்னர், மேற்கு ஜேர்மனியிடமிருந்து வந்தது.