கள்ளுக்கடையும் கணக்குப் பேரேடும்

ஊர் என்று ஒன்று இருந்தால் கோயில், குளம், சாவடி இருக்கும். சற்றுத் தள்ளி ஒரு கள்ளுக்கடையும் இருக்கும். முதல் மூன்றுக்கும் வரலாறு எழுதிய நம் பெரியவர்கள் நான்காவதை விட்டுவிட்டார்கள். கள், ஊன், தேன் மூன்றையும் விலக்கும் சமண நயினார் குடும்பத்தில் பிறந்த நான் அதை எழுதுவது வேடிக்கைதான். ஆனால் ஸ்ரீராம்புரத்தில் எங்கள் மளிகைக் கடைக்கு நாலு கடை தள்ளித்தான் கள்ளுக்கடை இருந்தது.

கள்ளுக்கடை நம் மண்ணுக்குப் பழையது. காவிரிப்பூம்பட்டினத்தில் கள் விற்ற இடத்தில் கொடி பறந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. வள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வைத்தார். பல்லவர் செப்பேடுகளில் 'ஈழப்பூட்சி' என்றொரு வரி வருகிறது. அது கள் இறக்குவோர் மீது விழுந்த வரி. அரசனுடைய கை அன்றைக்கே கள் பானைக்குள் இருந்தது. வெள்ளைக்காரன் 1886இல் சென்னை ஆப்காரிச் சட்டம் போட்டு இதைப் பெரிய வருமானமாக ஆக்கினான்.

1921இல் ஈரோட்டில் பெரியார் கள்ளுக்கடை மறியல் நடத்தினார். நாகம்மையாரும் கண்ணம்மாளும் தெருவுக்கு வந்தார்கள். 1937 அக்டோபர் 1 முதல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். வருமானம் போனதே, என்ன செய்வது? 1939இல் விற்பனை வரி பிறந்தது. வியாபாரிகளே, நாம் காலமெல்லாம் கட்டிய அந்த வரிக்குத் தாய்வீடு கள்ளுக்கடைதான்! 2017இல் ஜிஎஸ்டி வந்த பிறகும் குடிக்கும் மது மட்டும் அதற்குள் வரவில்லை.

இனி நம் பேட்டைக்கு வருவோம். பின்னி மில், மினர்வா மில், ராஜா மில் என்று வேலை தேடி வந்த நம்மவர்களுக்கு ஊர்ப் பனங்கள் இங்கே கிடைக்கவில்லை, ஈச்சங்கள்தான் கிடைத்தது. எழுபதுகளில் நான் பார்த்த கள்ளுக்கடை வெறும் குடிக்கிற இடம் மட்டும் இல்லை. எந்த மில்லில் ஆள் எடுக்கிறான், ஊரில் மழை உண்டா, யார் செத்தது என்று எல்லாச் சேதியும் அங்கேதான் கிடைக்கும். சம்பள நாளில் மட்டும் அதன் முகமே வேறு. மறுநாள் காலையில் பெண்கள் வந்து, "செட்டியாரே, இந்த மாசம் பாதி வாங்கிக்குங்க" என்பார்கள். அப்பா பேசாமல் பேரேட்டில் பாக்கி எழுதுவார்.

கள்ளுக்கடை வாசலில் சுண்டல் விற்ற அம்மா எங்களிடம்தான் கொண்டைக்கடலை வாங்குவார். கடன் கிடையாது, கைமேல் ரொக்கம். "நாம பரவாயில்லப்பா, கள்ளு விக்கலியே" என்று ஒருநாள் பெருமையாகச் சொன்னேன். அப்பா நிமிர்ந்து பார்த்தார். "இந்தக் காசு எந்த வூட்டுப் பாக்கின்னு பேரேட்டைப் பாருடா" என்றார். அந்த வார்த்தை இன்னும் சுடுகிறது.

1981 ஜூலையில் பெங்களூரில் விஷச் சாராயம் முந்நூறு உயிருக்கு மேல் குடித்தது. 2007 ஜூலை 1 முதல் கர்நாடகம் சாராயத்தைத் தடை செய்தது. 2008 மே மாதத்திலேயே கள்ளச்சாராயம் கர்நாடகத்திலும் தமிழகத்திலுமாக நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. திறந்ததும் அரசு, மூடியதும் அரசு. செத்தவன் மட்டும் நம்மவன்.

ராஜா மில் இருந்த இடத்தில் இன்று பெரிய மால் நிற்கிறது. அப்பாவின் பேரேடுகள் என் பரணில் இருக்கின்றன. கள்ளால் அரசுக்கு வந்த வரவைச் செப்பேடு சொல்லும். வீட்டுக்கு ஆன செலவை இந்தப் பேரேடுதான் சொல்லும். நம் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.