மட்கார்டில் ஒட்டிய வாலிபன்

போன ஞாயிற்றுக்கிழமை தாம்பரம் மார்க்கெட் பக்கம் போயிருந்தேன். பழைய பொருள் விற்பவர் ஒருவர் போன் செய்து, "சார், 'உலகம் சுற்றும் வாலிபன்' ஸ்டிக்கர், 1973 ஒரிஜினல், இரண்டாயிரம் ரூபாய்" என்றிருந்தார். கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது, போன மாதம் அச்சடித்தது. பழுப்பு நிறத்துக்கு டீத்தண்ணீர் போலிருக்கிறது. முப்பத்து மூன்று வருஷம் பிள்ளைகளின் காப்பியடித்த விடைத்தாளைப் பார்த்த கண் இது.

சினிமா ஸ்டிக்கருக்கு ஏன் இந்த மோகம் என்று இளைஞர்கள் கேட்கலாம். அதற்கு 1972க்குப் போக வேண்டும். அந்த அக்டோபரில் எம்.ஜி.ஆர் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டார். 17ஆம் தேதி அண்ணா தி.மு.க. பிறந்தது. அப்போது அவர் எங்கள் பக்கத்துப் பரங்கிமலைத் தொகுதி எம்.எல்.ஏ. ஒசாகாவின் எக்ஸ்போ 70 கண்காட்சியில் 1970இலேயே எடுத்த படம் இன்னும் வெளிவராமல் இருந்தது. வந்தால் சேலை கட்டிக்கொள்கிறேன் என்று மதுரை முத்து சவால் விட்டதாக ஊரெல்லாம் பேச்சு.

படம் வெளிவரும் நேரத்தில் சென்னையில் போஸ்டர் வரி ஏறியது. போஸ்டர் இல்லாத படம் அந்தக் காலத்தில் மேளம் இல்லாத கல்யாணம். அப்போதுதான் ஸ்டிக்கர் வந்தது. வடிவமைத்தவர் ஓவியர் பாண்டு. அ.தி.மு.க. கொடியை வரைந்தவரும் அவரே. நாமெல்லாம் சிரிப்பு நடிகராகப் பார்த்து ரசித்த அதே பாண்டு! 2021 மே மாதம் கொரோனாவில் போய்விட்டார்.

யோசித்துப் பாருங்கள். போஸ்டருக்குச் சுவர் வேண்டும், சுவருக்கு வரி கேட்க ஆள் உண்டு. ரசிகனின் சைக்கிளுக்கும் சாப்பாட்டு டப்பாவுக்கும் யார் வரி கேட்பது? 1973 மே 11 அன்று போஸ்டர் இல்லாமலேயே வெளியான படம் வெள்ளிவிழா கண்டது. ஒன்பதே நாளில், மே 20 அன்று, திண்டுக்கல் இடைத்தேர்தல். இரட்டை இலையில் நின்ற மாயத்தேவர் ஜெயித்தார்.

எங்கள் வீட்டில் அப்பா பழைய தி.மு.க. அண்ணன் எம்.ஜி.ஆர் பைத்தியம். கட்சி உடைந்தபோது வீடும் உடைந்தது. இருவருக்கும் நடுவில் நான்தான் தபால்காரன். "உங்க அண்ணன்கிட்ட சொல்லு", "அப்பாகிட்ட சொல்லிடு" என்றே மாதக்கணக்கில் ஓடியது. எழும்பூரில் இறங்கி நடந்து தேவி பாரடைஸில் படம் பார்த்துவிட்டு வந்த அண்ணன், சைக்கிள் பின் மட்கார்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினான். மறுநாள் காலை அப்பா சவர பிளேடால் சுரண்டிவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணனும் பேசவில்லை. அதே இடத்தில், சுரண்டிய தழும்பின் மேலேயே, இன்னொன்றை ஒட்டினான். இரண்டாவதை அப்பா தொடவில்லை. அதே சைக்கிளில்தான் அவரும் ரேஷன் கடைக்குப் போய்வந்தார்.

பாட்டுப் புத்தகங்களுக்குத் தரமணி ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. ஸ்டிக்கருக்கு அந்தக் கொடுப்பினை குறைவு. ஒட்டியது எல்லாம் சைக்கிளோடு பழைய இரும்புக்குப் போயிற்று. மிஞ்சியது, ஒட்டாமல் எங்கோ டிரங்குப் பெட்டியில் கிடந்ததுதான். யாரும் ஆசைப்படாத ஸ்டிக்கருக்குத்தான் இன்று விலை!

பெருங்களத்தூரில் இருக்கும் அண்ணனிடம் ஞாயிறு மாலை இதைச் சொன்னேன். எழுபதைத் தாண்டியும் விடவில்லை. ஸ்டிக்கரில் தொப்பி போட்ட எம்.ஜி.ஆர் என்பது என் ஞாபகம். தொப்பியே இல்லை என்று சத்தியம் செய்கிறான். அப்பா இருந்தால் கேட்கலாம். இரண்டையும் கிட்டத்தில் பார்த்தவர் அவர்தான்.

உங்கள் வீட்டுப் பரணில், பழைய டைரிக்குள், அசல் ஒன்று இருந்தால் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். விலைக்கு வேண்டாம், பார்த்தால் போதும்.