ஒத்தியும் வங்கிக் கடனும்

மதுரையில் வீடு தேடி அலைந்தவர்கள் 'வீடு ஒத்திக்கு' என்ற அறிவிப்பைக் காணாமல் இருந்திருக்க முடியாது. வட மாவட்டங்களில் இதனைப் போக்கியம் என்பர். குடிவருபவர் சில இலட்சங்களை மொத்தமாக வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுவார். மாத வாடகை கிடையாது. கெடு முடிந்து காலி செய்யும் நாளில் கொடுத்த தொகை அப்படியே திரும்பி வரும். பணத்திற்கு வட்டியில்லை, வீட்டிற்கு வாடகையில்லை.

'காற்று' காத்தாகவும் 'நேற்று' நேத்தாகவும் ஆனது போல, 'ஒற்றி' பேச்சு வழக்கில் ஒத்தி ஆயிற்று. பழைய நிலக்கொடை ஆவணங்களில், பெற்றவர் அந்நிலத்தை விற்கவும் ஒற்றி வைக்கவும் உரியவர் என்று எழுதுவது மரபு. ஒற்றியூர் என்ற ஊர்ப்பெயரை வைத்து, இறைவன் குடியிருப்பதே அடகு வைத்த ஊரில்தானோ என்று புலவர்கள் சிலேடை செய்ததும் உண்டு. வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவர்கள் சிரிப்பார்கள். வீட்டுக் கடன் கட்டும் பேராசிரியர்கள் சிரிப்பதில்லை.

ஆங்கிலத்தில் 'மார்ட்கேஜ்' என்னும் சொல்லின் நேர்ப்பொருள் 'செத்த ஈடு'. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த, கிளான்வில் பெயரால் வழங்கும் இங்கிலாந்துச் சட்ட நூல் இதற்குத் தரும் விளக்கம் நம் ஒத்தியை நினைவூட்டுவது. நிலத்தின் விளைச்சல் கடனைக் குறைத்துக்கொண்டே வந்தால் அந்த ஈடு உயிருள்ளது. விளைச்சலைக் கடன் கொடுத்தவர் துய்த்தும் அசல் குறையாமல் நின்றால் அது செத்த ஈடு. பின்னவகை கந்துவட்டிக்கு ஒப்பான பாவம் என்று கருதப்பட்டது, ஆயினும் தடுக்கப்படவில்லை. 1628-இல் எட்வர்டு கோக் வேறொரு விளக்கம் தந்தார்: கடன் கட்டாவிட்டால் நிலம் உடையவனுக்குச் சாகிறது, கட்டிவிட்டால் கடன் தந்தவனுக்குச் சாகிறது என்று. எனக்கென்னவோ முதல் விளக்கமே பொருத்தமாகப் படுகிறது. அதற்குக் காரணம் என் குடும்பக் கதை.

என் பாட்டனார் 1956-இல் தம் பூர்வீக வீட்டை ஒத்தி வைத்தார். பணம் தந்தவர் குடும்பம் வீட்டில் குடியேறியது. பாட்டனார் குடும்பம் அதே தெருவில் வாடகைக்குச் சென்றது. ஆண்டுகள் சென்றன. அவர்கள் அனுபவித்தது வட்டிக்குச் சரியாயிற்று. அசலில் ஒரு ரூபாயும் குறையவில்லை. 'முப்பது வருஷம் தாண்டிப்போச்சு, இனி அது நம்ம வீடில்லை' என்று யாரோ சொன்னதை என் தந்தையார் நம்பினார். அந்த நம்பிக்கையோடே காலமானார்.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் அடமானத்தை ஆறு வகையாகப் பிரிக்கிறது. ஒத்தி அவற்றுள் அனுபவ அடமானம். இன்றைய வீட்டுக் கடன்களுக்குப் பெரும்பாலும் அடிப்படையாவது மற்றொரு வகை: உரிமைப் பத்திரங்களை ஒப்படைத்தல். இங்கிலாந்தில் 1783-இல் ஒரு வழக்கில் ஏற்கப்பட்ட இம்முறையை, இந்தியாவில் சென்னை, கல்கத்தா, பம்பாய் முதலிய சில வணிக நகரங்களுக்கு மட்டுமே அச்சட்டம் அனுமதித்தது. பத்திரம் கைமாறும் இடந்தான் அந்நகரமாக இருக்கவேண்டும். நிலம் எங்கிருந்தாலும் குற்றமில்லை. ஆகவே தஞ்சை நிலத்தின் பத்திரத்தைச் சென்னைக்கு எடுத்துச் சென்று ஒப்படைத்துக் கடன் பெறலாம். எழுத்தில்லாமல் ஒப்படைத்தால் பதிவும் தேவையில்லை. வணிகர்களின் அவசரத்திற்காக வகுத்த இவ்வழி பின்னர் அரசு அறிவிப்புகளால் மற்ற ஊர்களுக்கும் விரிந்தது.

1977-இல் எச். டி. பரேக் மும்பையில் வீட்டுக் கடனுக்கென்றே எச்.டி.எஃப்.சி. நிறுவனத்தைத் தொடங்கிய பிறகு, மாதச் சம்பளக்காரரும் மெல்ல இவ்வழியில் நடக்கலாயினர். ஒத்தியில் வீடு போகும், பத்திரம் வீட்டுக்காரரிடம் இருக்கும். வங்கிக் கடனிலோ வீட்டில் நாம் இருப்போம், பத்திரம் போய்விடும்.

நானும் என் துணைவியாரும் ஐந்து இலட்சம் கொடுத்து ஒரு வீட்டில் ஏழாண்டுகள் ஒத்திக்கு இருந்தோம். 2018-இல் முப்பது இலட்சத்திற்கு ஒரு தனி வீடு அமைந்தது. வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், பட்டா எல்லாம் பார்த்தாயிற்று. வங்கி தொண்ணூறு விழுக்காடு, அதாவது 27 இலட்சம் தர இசைந்தது. மூன்று இலட்சந்தானே என்று எண்ணியிருந்தேன். பத்திர எழுத்தர் கணக்குப் போட்டார்: முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, 2017-இல் உயர்த்தப்பட்ட பதிவுக் கட்டணம் 4 விழுக்காடு, ஆக 3,30,000 ரூபாய். (அந்தப் பதிவுக் கட்டணம் 2023-இல் 2 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது, எங்களுக்குப் பயனில்லை.) இந்தச் செலவை வீட்டின் விலையோடு சேர்த்துக் கடன் தரலாகாது என்பது 2012-இல் ரிசர்வ் வங்கி இட்ட விதி. பத்து இலட்சத்திற்கு மேற்படாத வீடுகளுக்கு மட்டும் 2015-இல் விலக்கு அளித்தனர். ஆக, கையிலிருந்து வேண்டியது 6,30,000. இது வழக்கறிஞர் கருத்துரைக்கும் மதிப்பீட்டாளருக்கும் வங்கியின் பரிசீலனைக்கும் ஆகும் கட்டணங்கள் நீங்கலாக.

ஒத்திப் பணம் ஐந்து இலட்சம் வரவேண்டும். ஆனால் அடுத்தவர் ஒத்திக்கு வந்தால்தான் வீட்டுக்காரரால் எங்கள் பணத்தைத் தர இயலும். எங்கள் கிரயத் தேதி, முகமறியாத ஒருவர் வீடு பார்க்க வருவதைப் பொறுத்திருந்தது. ஒரு மாதம் கழித்து வந்தார். எஞ்சிய தொகைக்குத் துணைவியாரின் வளையல்கள் அடகுக் கடைக்குச் சென்றன.

இருபதாண்டுக் கடன், வட்டி எட்டரை விழுக்காடு, மாதத் தவணை 23,431 ரூபாய். முதல் தவணையில் வட்டிக்குப் போனது 19,125. அசலில் குறைந்தது 4,306. உயிருள்ள ஈடுதான், மூச்சு மிகவும் மெலிது.

தவணை முடிந்தபின் முப்பது நாட்களுக்குள் மூலப்பத்திரங்களைத் திருப்பித் தராமல் வங்கியே தாமதம் செய்தால், நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று 2023-இல் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. அவ்வாணை வெளிவந்தபோது பாட்டனாரின் ஒத்திச் சீட்டு நினைவுக்கு வந்து, அம்மாவின் தகரப் பெட்டியிலிருந்து அதை எடுத்துப் பார்த்தேன். பிறகு சட்டம் தெரிந்த நண்பரிடம் காட்டினேன். அவர் 2014-இல் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பைச் சொன்னார். அனுபவ அடமானத்தில், ஒத்தி வைத்த நாளிலிருந்து முப்பதாண்டு கடந்தது என்பதனாலேயே மீட்கும் உரிமை அழிந்துவிடாதாம். கடன் தீரும் வரை அந்த உரிமை நிற்குமாம்.

தந்தையார் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. அந்த வீட்டில் இப்போது இருப்பவர்கள், பணம் தந்தவரின் பேரப்பிள்ளைகள். அங்கேயே பிறந்தவர்கள், திருவிழாவுக்கு ஊருக்குப் போனால் என்னை 'அண்ணே' என்று கூப்பிட்டுக் காப்பி தருகிறவர்கள். சீட்டை மறுபடி பெட்டியிலேயே வைத்துவிட்டேன். அம்மாவிடம் தீர்ப்பைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.