கசியும் தொட்டி: பழைய சிறு கார்களும் பழுதுபார்ப்பின் வரலாறும்

தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டுவருகிறது. ஒரு கார் எந்த ஆண்டில் வடிவமைக்கப்பட்டது, எந்த ஆலையில் உருவானது, உற்பத்தி எப்போது நின்றது என்பவை பதிவாகின்றன. உற்பத்தி நின்ற பின்னும் அந்தக் கார் முப்பது, நாற்பது ஆண்டுகள் சாலையில் ஓடியது எவ்வாறு என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. டேவிட் எட்ஜர்டன் 2006இல் வெளியிட்ட 'தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்' என்னும் நூல், பயன்பாட்டையும் பராமரிப்பையும் மையமாக வைத்துத் தொழில்நுட்பத்தை நோக்க வேண்டும் என வாதிட்டது. டேவிட் ஆர்னால்டின் 'எவ்ரிடே டெக்னாலஜி' (2013), மிதிவண்டி, தையல் இயந்திரம், தட்டச்சுப்பொறி, அரிசி ஆலை ஆகியவற்றின் வழியே இந்திய நவீனத்துவத்தை ஆராய்ந்தது. இவ்விரு நோக்குகளையும் ஏற்றுக்கொண்டால், ஒரு பழைய சிறு காரிலிருந்து கழற்றியெடுக்கப்படும் ஒழுகும் பெட்ரோல் தொட்டியும் வரலாற்று ஆவணமாகிறது.

தொட்டி காரில் எங்கே இருக்கிறது என்பதிலேயே வரலாறு தொடங்குகிறது. 1908இல் அறிமுகமான ஃபோர்டு மாடல் டி காரில் தொட்டி முன்னிருக்கையின் அடியில் இருந்தது. பம்பு கிடையாது, புவியீர்ப்பினால் மட்டுமே பெட்ரோல் இயந்திரத்துக்கு இறங்கியது. தொட்டியில் எரிபொருள் குறைந்திருக்கையில் செங்குத்தான மேட்டில் ஏற வேண்டுமானால், காரைத் திருப்பிப் பின்புறமாக ஏற்ற வேண்டியிருந்தது. 1922இல் வந்த ஆஸ்டின் செவனின் தொடக்க வடிவங்களில், தொட்டி இயந்திரத்துக்குப் பின்னால் மூடியின் கீழேயே உயரத்தில் பொருத்தப்பட்டிருந்தது. எரிபொருள் பம்பு பரவலான பிறகுதான் தொட்டி இயந்திரத்தை விட்டு விலக முடிந்தது. 1959இல் பிரிட்டனில் ஒரே ஆண்டில் அறிமுகமான மினி, டிரையம்ஃப் ஹெரால்டு ஆகிய இரு சிறு கார்களிலும் தொட்டி பின்புறச் சாமான் அறையின் ஒரு பக்கத்தில் நின்றது. இந்த இடமாற்றத்துக்கும் ஒரு விலை இருந்தது. பின்புற மோதலில் தொட்டி உடைந்து தீப்பற்றும் ஆபத்துக்காக, அமெரிக்காவில் ஏறத்தாழ 15 லட்சம் ஃபோர்டு பின்டோ, மெர்குரி பாப்கேட் கார்கள் 1978இல் திரும்பப் பெறப்பட்டன. தொட்டியின் இருப்பிடம் உயிர் சார்ந்த கேள்வியும் ஆகும் என்பதை அந்நிகழ்வு உலகுக்கு உணர்த்தியது.

ஹெரால்டுக்கு இந்தியாவில் இரண்டாவது வாழ்வு அமைந்தது. 1953இல் இந்திய அரசு, உள்நாட்டு உற்பத்தித் திட்டம் இல்லாமல் வெறுமனே பாகங்களைக் கோத்து விற்கும் நிறுவனங்களுக்கு இடமில்லை என்று முடிவெடுத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. அதன்பின் சிறு கார்ச் சந்தை மூன்று நிறுவனங்களின் கையில் இருந்தது. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசடரையும், பம்பாய்க் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஃபியட் 1100ஐயும், சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டையும் உருவாக்கின. பிரிட்டனில் இரண்டு கதவுகளோடு விற்ற ஹெரால்டுக்கு நான்கு கதவு வடிவம் இந்தியாவில்தான் கிடைத்தது. உரிமக் கட்டுப்பாட்டின் காரணமாகப் புதிய கார் வாங்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. ஆகவே பழுதான காரைக் கைவிடுவது என்ற எண்ணத்துக்கே பெரும்பாலோரிடம் இடமில்லை. பழுதுபார்ப்பு அந்தப் பொருளாதாரத்தின் இன்றியமையாத மறுபாதியாக வளர்ந்தது.

அக்காலத்துத் தொட்டிகள் ஏன் ஒழுகின என்பதற்கு விடை, அவை செய்யப்பட்ட உலோகத்தில் உள்ளது. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சு ஏற்றிய மெல்லிய எஃகுத் தகடுகளால் அவை செய்யப்பட்டன. பூச்சு துருவைத் தடுத்தது. பற்றாசு பிடிக்கவும் உதவியது. இரு பாதிகளாக அழுத்தி வார்த்த தகடுகளை விளிம்பில் இணைத்துத் தொட்டியை உருவாக்கினர். பகலில் சூடேறி இரவில் குளிரும் தொட்டி, மூடியின் துளை வழியே ஈரக்காற்றை உள்ளே இழுக்கிறது. அவ்வீரம் நீராகிப் பெட்ரோலுக்கு அடியில் தங்குகிறது. பெட்ரோலைவிட நீர் கனமானது. மும்பை, கொல்கத்தா, சென்னை போன்ற கடலோர, கழிமுக நகரங்களில் இது ஆண்டு முழுவதும் நிகழ்வது. வெளியே சேறும், தொட்டிக்கும் தரைத்தகட்டுக்கும் இடையில் சிக்கிய ஈரமும் அதே வேலையை மறுபுறத்திலிருந்து செய்கின்றன. ஆகவே தொட்டி ஏறக்குறைய எப்போதும் அடிப்பகுதியிலும் இணைப்பு விளிம்பிலுமே ஓட்டையாகிறது.

அதைக் கழற்றும் முறை எந்தக் கல்லூரிப் பாடமாகவும் தொடங்கியதல்ல. விபத்துகளிலிருந்து உருவான ஒழுங்கு அது. முதலில் மின்கலத்தின் இணைப்பு துண்டிக்கப்படுகிறது. சாமான் அறையிலேயே மின்கலமும் இருக்கும் மினி போன்ற கார்களில் இது இன்னும் முக்கியம். அடுத்து, திறந்தவெளியில் பெட்ரோல் வடிக்கப்படுகிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. காரின் அடியில் பணிசெய்யத் தோண்டிய குழிக்குள் அது இறங்கித் தேங்கும். தொலைவில் எரியும் அடுப்போ விளக்கோ போதும். பிறகு அளவுகாட்டியின் கம்பி, எரிபொருள் குழாய், நிரப்புவாயின் இரப்பர் இணைப்பு ஆகியவை இந்த வரிசையில் விடுவிக்கப்படுகின்றன. கடைசியாகவே தொட்டியைப் பிடித்திருக்கும் பட்டையும் திருகாணிகளும். துருப்பிடித்த திருகாணியை உளிகொண்டு வெட்டினால் பொறி பறக்கும் என்பதால், எண்ணெய் ஊற்றிக் காத்திருக்கும் பொறுமையே அங்கே திறன் எனப்படுகிறது.

காலியான தொட்டியே நிறைந்த தொட்டியைவிட ஆபத்தானது. காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை பெட்ரோல் ஆவி கலந்தால் அது தீப்பற்றும். நிறைந்த தொட்டியில் இக்கலவைக்கு இடமில்லை, காலித் தொட்டியில் உண்டு. இதனால்தான் பற்றவைப்பதற்கு முன் வெந்நீரும் காரமும் இட்டுப் பலமுறை கழுவுவதும், ஓட்டையின் மட்டம்வரை தொட்டியில் நீர் நிரப்பிக்கொள்வதும் வழக்காயின. வாயுச்சுடர் கொண்டு பற்றவைப்பதைத் தவிர்த்து, சூடேற்றிய செம்புக் கோலால் பற்றாசு இடுவதையே தேர்ந்த கைகள் விரும்பின. ரேடியேட்டர் பழுதுபார்க்கும் கடைகள் இப்பணிக்கு நாடப்பட்டதும் இதனாலேயே. இப்பாதுகாப்பு முறைகள் ஒரு தலைமுறையிடமிருந்து மறு தலைமுறைக்குப் பெரும்பாலும் வாய்மொழியாகவே சென்றன. ஈயப் புகையை நாள்தோறும் சுவாசித்தவர்கள் அதற்குக் கொடுத்த விலையோ எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

இவ்வாறு கழற்றப்பட்ட தொட்டியின் புறத்தை அகழாய்வுக் குழியின் மண்ணடுக்குகளைப் போலப் படிக்கலாம். வழியில் ஒழுக்கை நிறுத்தச் சலவைச் சவுக்காரத்தைத் தேய்த்த தடம் ஒரு படலம். பெட்ரோலில் சவுக்காரம் கரைவதில்லை என்ற சாலையோர அறிவு அதில் உள்ளது. பற்றாசு ஒட்டுகள் இன்னொரு படலம். எப்பாக்சிப் பசையும் கண்ணாடியிழைப் பூச்சும் பிற்காலத்தவை. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் எந்தப் பொருள் மலிவாகக் கிடைத்தது, உரிமையாளர் எவ்வளவு செலவிட முடிந்தது என்பதைச் சொல்கிறது.

இவ்வடுக்குகளின் மேல் இப்போது புதியதொரு காலம் படிந்துகொண்டிருக்கிறது. 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. 2003இல் சில மாநிலங்களில் 5 விழுக்காடு எத்தனால் கலப்பு தொடங்கியது. 2022இல் 10 விழுக்காட்டை எட்டியது. 2023 பிப்ரவரியில் 20 விழுக்காட்டுக் கலப்பு அறிமுகமாகி, 2030க்கு வைத்திருந்த இலக்கு 2025க்கே நிறைவேறியது. கச்சா எண்ணெய் இறக்குமதியைக் குறைத்தல், கரும்பு விவசாயிகளுக்குச் சந்தை தருதல் ஆகிய நோக்கங்கள் இதன் பின்னால் உள்ளன. அவற்றை எளிதில் புறந்தள்ள முடியாது. எனினும் பழைய தொட்டிக்கு எத்தனால் வேறு பொருள் தருகிறது. அது ஈரத்தை ஈர்க்கிறது. நீர் மிகுந்தால் நீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்குகிறது. ஈயப் பூச்சையும் பழைய இரப்பர்க் குழாய்களையும் அரிக்கிறது. முன்பு ஒட்டாக இட்ட கண்ணாடியிழைப் பிசினை இளக்குகிறது. ஐம்பது ஆண்டுகளின் பழுதுபார்ப்பு அறிவு எந்தப் பொருள்களை நம்பியிருந்ததோ, அவற்றையே புதிய எரிபொருள் தாக்குகிறது.

சட்டத்தின் பார்வையும் இங்குக் கவனத்துக்குரியது. 2021 ஜூலையில் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள், முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்து மூல வடிவில் பேணப்படும் வாகனங்களைத் தொன்மை வாகனங்களாக ஏற்றன. அவற்றைக் காட்சி, ஆய்வு, பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்காக மட்டுமே சாலையில் செலுத்தலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். மறுபுறம், 15 ஆண்டுகள் கடந்த சாதாரணக் காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. மும்பையில் 20 ஆண்டு வரம்பினால் 2023 அக்டோபரோடு பத்மினி டாக்ஸிகள் சாலையிலிருந்து விடைபெற்றன. வசதியுள்ளோரின் கொட்டகையில் நிற்கும் கார் பாரம்பரியமாகவும், பிழைப்புக்காக ஓடிய அதே வகைக் கார் கழிவாகவும் வகைப்படும் நிலை இது. பழைய இயந்திரங்கள் நகரக் காற்றை மாசுபடுத்துவது உண்மை. ஆனால் எது பேணத்தக்கது என்பதைப் பொருளின் வரலாற்று மதிப்பைவிட உரிமையாளரின் வசதியே முடிவுசெய்கிறது என்பதும் உண்மை.

காரைக் காட்சியகத்தில் வைத்துவிடலாம். ஒழுகும் தொட்டியை உயிர்ச்சேதமின்றிக் கழற்றி அடைக்கத் தெரிந்த கையை அவ்வாறு வைக்க இயலாது. அந்த அறிவு நிறுவனங்களின் கையேடுகளில் பாதிதான் உள்ளது. மறுபாதி, இப்போது முதுமை எய்தியுள்ள பட்டறைத் தொழிலாளர்களிடம் உள்ளது. வாய்மொழி வரலாற்றுத் திட்டங்கள் தலைவர்களையும் கலைஞர்களையும் பதிவுசெய்துள்ள அளவுக்கு இவர்களைப் பதிவுசெய்யவில்லை. இந்தியத் தொழில்மயமாதலின் வரலாற்றை ஆலை வாயிலோடு முடித்துக்கொள்ளாமல் பட்டறை வரை கொண்டுசெல்ல விரும்பும் ஆய்வாளர்களுக்கு, எஞ்சியிருக்கும் காலம் அதிகமில்லை.