மெர்லோ என்ற பெயரில் பிழைத்த கொடி

1994 நவம்பர் 24. சிலி நாட்டின் மைப்போ பள்ளத்தாக்கில் அப்போது வசந்தகாலம். திராட்சைக் கொடிகள் பூத்திருந்தன. பிரான்சின் மோன்பெலியேயிலிருந்து வந்திருந்த திராட்சைக்கொடி அறிஞர் ழான்-மிஷெல் பூர்சிகோ, மெர்லோ என்ற ஒயின் திராட்சை ரகத்தின் வரிசை ஒன்றில் நின்று ஒரு பூங்கொத்தைக் கையிலெடுத்துப் பார்த்தார். அரிசிமணியைவிடச் சின்னப் பூக்கள். மகரந்தத் தாள்கள் முறுக்கிக்கொண்டிருந்தன. மெர்லோவுக்கு அவை நேராக நிற்கும். ‘இது மெர்லோ இல்லை, கார்மெனேர்’ என்றார். அவர் சொன்னது பிரான்சில் அழிந்தேவிட்டது என்று பலரும் நம்பியிருந்த ரகம்.

பிரான்சில் போர்தோவின் மெடோக் பகுதி இதன் சொந்த ஊர். இலையுதிர் காலத்தில் இலைகள் குங்குமமாகச் சிவந்துவிடும்; ‘கார்மின்’ என்னும் அந்தச் சிவப்பிலிருந்து பெயர் வந்தது என்பார்கள். சாறு அடர்ந்த நிறம். ஆனால் வளர்ப்பவரைச் சோதிக்கும் கொடி. பூக்கும் நேரத்தில் குளிரும் மழையும் சேர்ந்தால் பிஞ்சு பிடிக்காமல் பூவாகவே கொட்டிவிடும்.

1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்செரா என்ற நுண்பூச்சி பிரான்சின் கொடிகளை வேரிலேயே தாக்கிச் சாகடித்தது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக்கட்டி, தோட்டங்களை மறுபடி எழுப்பினார்கள். பூவைக் கொட்டும் கொடிக்கு அந்த மறுநடவில் யார் இடம் கொடுப்பார்கள்? நொந்துபோயிருந்த விவசாயிகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பூச்சி வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, சிலியின் நிலக்கிழார்கள் போர்தோவிலிருந்து கொடிக்குச்சிகளைக் கப்பலில் வரவழைத்திருந்தார்கள். அவற்றோடு கார்மெனேரும் போய்ச் சேர்ந்தது. கிழக்கே ஆண்டீஸ் மலை, மேற்கே பசிபிக் கடல், வடக்கே அட்டகாமா பாலைவனம். ஃபிலாக்செரா அங்கே காலூன்றவே இல்லை. அறுவடைக் காலத்தில் மழையும் அபூர்வம்.

மெர்லோவோடு கலந்தே நட்டார்கள், கலந்தே பறித்தார்கள். பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் வித்தியாசம் தெரியும்: மெர்லோவின் இளங்கொழுந்து வெளுத்திருக்கும், கார்மெனேரின் கொழுந்தில் செம்மை ஓடும். இரண்டுக்கும் கபெர்னே ஃப்ராங் என்ற ரகம் ஒரு பெற்றோர் என்று மரபணுச் சோதனை பிறகு காட்டியது. ஜாடை ஒத்துப்போனதில் வியப்பில்லை.

அடையாளம் தெரியாததற்குக் கொடுத்த விலை நாக்கில் தெரிந்தது. கார்மெனேர் பழுக்க மெர்லோவைவிட நான்கைந்து வாரம் கூடுதலாக வேண்டும். மெர்லோவோடு சேர்த்துப் பறித்ததால் ஒயினில் பச்சைக் குடைமிளகாய் வாசனை தூக்கலாக அடித்தது. ‘சிலி மெர்லோவின் குணமே இதுதான்’ என்று அதற்கு ஒரு பேரும் கட்டிவிட்டார்கள். ஒன்றரை நூற்றாண்டு பிழைத்துக்கிடந்த கொடியை வருஷா வருஷம் அரைக்காயாகப் பறித்திருக்கிறார்களே என்று நினைக்கையில் எனக்கு மனசு ஆறவில்லை.

1998இல் சிலி அரசு இதைத் தனி ரகமாக ஏற்றது. இப்போது வரிசைகளைப் பிரித்துக் குறித்துவைத்திருக்கிறார்கள். மெர்லோவைப் பறித்து முடித்துப் பல வாரம் ஆன பிறகும் இதன் குலைகள் கொடியிலேயே கருத்துத் தொங்குகின்றன. பறிக்க ஆள் வரும் ஏப்ரல், மே மாதங்களில் சுற்றியுள்ள இலைகள் சிவக்கத் தொடங்கியிருக்கும்.