பத்து தோலா பிஸ்கட்டும் ஒரு விண்கப்பலும்

1977ல் அமெரிக்காவில் மார்க் மில்லர் உருவாக்கிய 'டிராவலர்' பகடை விளையாட்டில் கப்பலுக்கு 480 மாதத் தவணை. 40 வருஷம்! நேர்மையான சரக்கில் கட்டி மாளாது, கேப்டன் கடத்தலில் இறங்குவார். ஆட்டம் நடத்துகிறவர்கள் உடனே சுங்கக் கப்பலைத் துரத்த விடுகிறார்கள். சரக்கை வாங்குகிறவர் யார், ஏன் வாங்குகிறார்? அதை யோசிப்பதில்லை.

அதற்கு நம்ம ஊர்க் கதையே போதும். 1963 ஜனவரியில், மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது, 14 கேரட்டுக்கு மேல் புது நகை செய்யத் தடை வந்தது. பெங்களூர் மர்பி டவுனில் எந்த அம்மா 14 கேரட் தாலிக்குச் சம்மதிப்பார்? :-) ஆசை குறையவில்லை, பொற்கொல்லர்களின் பிழைப்புதான் போனது, தற்கொலைகளும் நடந்தன. கடத்தல் கதை சொல்கிறவர்கள் இவர்களை மறந்துவிடுகிறார்கள்.

1968 சட்டம் தங்கக் கட்டியை வீட்டில் வைத்திருப்பதையே குற்றமாக்கியது. துபாயிலிருந்து மரக்கலங்களில், ஜாக்கெட்டில் தைத்த பைகளில், பத்து தோலா பிஸ்கட்டுகள் (ஒன்று 116.64 கிராம்) வந்திறங்கின. 1990ல் சட்டம் ரத்து. 1992ல், வெளிநாட்டிலிருந்து திரும்பும் நம்மவர்கள் தீர்வை கட்டி 5 கிலோ வரை கொண்டுவரலாம் என்றானது. துப்பாக்கி இல்லாமலே கடத்தல்காரர்களின் லாபம் கரைந்தது.

ஆட்டத்திலும் அப்படிச் செய்து பாருங்கள். 'டிராவலர்' உலகில் ஒரு தாவலுக்கு ஒரு வாரம். செய்தியும் கப்பலில்தான் போகும். கப்பல் நடுவழியில் இருக்கையில் அந்தக் கிரகம் தடையை நீக்கிவிடட்டும். இறங்கும்போது சரக்குக்கு விலையில்லை, தவணை மட்டும் பாக்கி.