வளவின் நடுவே வீடு: இலங்கையில் ஒரு தோட்ட விதியும் வீட்டு விதியும் உடைந்த வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கொழும்பில் வசதியுள்ள ஒருவர் வீடு கட்டினால் அது எப்படி இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. வளவின் நடுவே பங்களா. முகப்பில் கார் வந்து நிற்க போர்ட்டிகோ, அதை நோக்கி வளைந்து வரும் சரளைப் பாதை. சமமாக வெட்டிய புல்தரை, ஓரத்தில் கல்வாழைப் பாத்திகள், எல்லையில் கத்தரித்த வேலிச்செடி. உள்ளே ஒரே மரத்தில் ஒரே அச்சில் செய்த நாற்காலிகள், சுவரோடு ஒட்டி வைத்த கண்ணாடி அலமாரி, சன்னலுக்குத் திரை. கறுவாத் தோட்டப் பகுதியின் தெருக்கள் இந்த ஒழுங்கில்தான் எழுந்தன. வீட்டுக்கு வீடு காற்றும் வெளிச்சமும் வர இடைவெளி வேண்டும் என்ற அக்கறையை 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுச் சட்டம் விதியாக்கியது. 1921இல் கொழும்புக்குத் திட்டம் வகுத்த பேட்ரிக் கெடிஸ் அதைத் தோட்ட நகரமாகவே கற்பனை செய்தார்.

இந்த ஒழுங்கு எப்படி உடைந்தது என்பதைக் கட்டடக் கலை வரலாறாகச் சொல்வதுதான் வழக்கம். ஜெஃப்ரி பாவா என்ற கட்டடக் கலைஞர் வந்தார், முற்றத்தை மீட்டார், தோட்டமும் அலங்காரமும் அதன் பின்னால் வந்தன என்று அந்த வரலாறு போகும். இக்கட்டுரை அந்த வரிசையை மறுக்கிறது. முதலில் உடைந்தது தோட்டத்தின் விதி. அதை உடைத்தபோது பாவா கட்டடக் கலைஞராகவே இல்லை. தோட்டத்தில் அவர் கற்றதுதான் பிறகு வீட்டுக்குள் வந்தது.

உடைபட்டது பழைய மரபு அன்று

பங்களா விதியை மரபு என்று நாம் அழைத்தாலும் அதன் வயது அதிகமில்லை. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் நான்கு பக்கமும் தாழ்வாரம் சூழ, நடுவே வானம் பார்த்த முற்றம் இருந்தது. மழை முற்றத்தில் விழுந்து வழிந்தோடியது. வீட்டாரின் பகல்பொழுது தாழ்வாரத்தில் கழிந்தது. காலி நகரத் தெருக்களின் ஒல்லாந்தர் காலத்து வீடுகளும் முஸ்லிம் வீடுகளும் தெருவுக்குச் சுவரைக் காட்டி, உள்முற்றத்தில் வாழ்ந்தவைதாம். சிங்கள நிலக்கிழார்களின் வளவ்வைகளும் அப்படியே. வெளியே தோட்டம், உள்ளே வீடு என்ற பிரிவைப் பொதுவிதியாக்கியது பிரித்தானியர் காலம்.

வீட்டு வடிவில் இதை முதலில் எதிர்த்தவர் பாவா அல்லர். 1948இல் பிரித்தானியக் கட்டடக் கலைஞர் கழகத்தில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண் மினெட் டி சில்வா, கண்டியில் கருணாரத்ன குடும்பத்துக்குக் கட்டிய வீட்டில் தும்பறை நெசவாளரின் பாய்களையும் சுட்ட களிமண் ஓடுகளையும் நவீனக் கான்கிரீட்டோடு சேர்த்தார். ஓவியர் ஜார்ஜ் கீட் அங்கே சுவரோவியம் வரைந்தார். கைவினைப் பொருள் வீட்டின் அலங்காரமாக அன்றி வீட்டின் உறுப்பாகவே இருக்க வேண்டும் என்பது மினெட்டின் நிலைப்பாடு. அவரிடம் வேலை செய்ய 1950களின் இறுதியில் வந்த டேனிஷ் கட்டடக் கலைஞர் உல்ரிக் பிளெஸ்னர், 1959இல் பாவாவின் அலுவலகத்தில் சேர்ந்தார். மினெட்டின் சிந்தனை எந்த வழியாகப் பாவாவின் அலுவலகத்தை எட்டியிருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் வேண்டியதில்லை. மினெட்டுக்கு உரிய இடம் பல காலம் தரப்படாதது இந்த வரலாற்றின் பெருங்குறை.

லுணுகங்க

1919இல் கொழும்பில் பிறந்த பாவா கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியமும் பின்னர் சட்டமும் படித்தவர். வழக்கறிஞர் தொழிலில் மனம் ஒட்டவில்லை. அண்ணன் பெவிஸ் பாவா 1929 முதல் அளுத்கமைக்கு அருகே ‘பிரீஃப்’ என்ற தோட்டத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார். தம்பி 1948இல், பெந்தோட்டைக்கு அருகே தெத்துவ ஏரிக்கரையில் கைவிடப்பட்ட நிலையிலிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தை வாங்கினார். அதுவே லுணுகங்க. இத்தாலியில் ஒரு வில்லா வாங்க நினைத்து, அது கைகூடாமல் திரும்பி வந்தவர் அவர். இத்தாலியத் தோட்டத்தை இலங்கையில் நடுவதே முதல் எண்ணம். மண்ணும் மழையும் அதற்கு இடம் தரவில்லை.

அவர் என்ன செய்தார் என்பதைக் கிட்டே சென்று பார்ப்போம். வீட்டுக்குத் தெற்கே கறுவாக் குன்று. அதற்கு அப்பால் ஏரி, ஏரிக்கு அப்பால் தொலைவில் கட்டகுளிய விகாரையின் வெள்ளைத் தாதுகோபம். வீட்டிலிருந்து பார்த்தால் குன்றின் முதுகு பார்வையை மறைத்தது. தோட்டம் போடுகிறவர் பொதுவாக இருக்கும் நிலத்தில் எதை நடலாம் என்றுதான் யோசிப்பார். பாவா குன்றின் உச்சியையே வெட்டித் தாழ்த்தினார். குன்றுக்கும் வீட்டுக்கும் இடையே ஊர்ப்பாதை ஒன்று போகிறது. அதைச் சுவர் கட்டி மறைத்திருந்தால் பார்வை அங்கேயே நின்றிருக்கும். பள்ளத்துக்குள் பாதை தாழ்ந்து கிடக்குமாறு விட்டதால், வீட்டிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குப் புல்தரை அறுபடாமல் குன்றேறுகிறது. குன்றின் மேல் மகிழ மரத்தடியில் ஒரு பெரிய சீனச் சாடியை வைத்தார். வீட்டுத் தாழ்வாரம், சாடி, ஏரி, தாதுகோபம் எல்லாம் ஒரே நேர்கோட்டில் வந்தன. தனக்குச் சொந்தமில்லாத ஒரு கோவிலைத் தன் தோட்டத்தின் எல்லையாக்கிய செயல் இது. அதற்கு அவர் செலவிட்டது ஒரு சாடியும், மண்வெட்டிக்காரர்களின் நெடுநாள் உழைப்பும்.

ஈழத்தலரி மரம் இன்னொரு சான்று. தானாக வளர்ந்தால் அதன் கிளைகள் மேல்நோக்கிக் கவையாகப் பிரியும். பாவா இளங்கிளைகளில் பாரம் கட்டித் தொங்கவிட்டு, ஆண்டுக்கணக்கில் அவற்றைக் கிடைமட்டமாகப் படர வைத்தார். இயற்கையை அப்படியே விட்டவர் என்று அவரைப் புகழ்கிறவர்கள் இந்தப் பாரக்கற்களை மறந்துவிடுகிறார்கள். லுணுகங்கவில் காடுபோலத் தெரிவது முழுக்கக் கையால் செய்தது. ஆனால் அந்தக் கை கத்தரித்து உருண்டையாக்கிய செடிகளையோ, நிறநிறமான பூப்பாத்திகளையோ நாடவில்லை. பச்சையின் வேறுபாடுகள், நிழலின் அடர்த்தி, திடீரெனத் திறக்கும் வெளி இவையே அவருடைய பொருட்கள். பூப்பாத்தி இல்லாத தோட்டம் என்பது அன்றைய கொழும்புக்கு விளங்காத ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும்.

நிலத்தைத் திருத்தத் தொடங்கிய பிறகுதான் தனக்குத் தொழிலறிவு போதாது என்பதை அவர் உணர்ந்தார். 1951இல் எட்வர்ட்ஸ் ரீட் அண்ட் பெக் நிறுவனத்தில் பயிலுநராகச் சேர்ந்து, பிறகு லண்டனில் படித்து, 1957இல் தம் 38ஆம் வயதில் கட்டடக் கலைஞரானார். தோட்டம் முந்தியது என்று இக்கட்டுரை வலியுறுத்துவதற்கு இந்தக் காலவரிசையே முதல் ஆதாரம். இரண்டாவது ஆதாரம் அவர் கட்டிய வீடுகளிலேயே இருக்கிறது.

தோட்டம் வீட்டுக்குள் வந்தது

1960–62இல் எனா டி சில்வாவுக்காகக் கொழும்பில் எழுந்த வீடு பங்களா விதியை அடியோடு கவிழ்த்தது. மனை சிறியது. விதிப்படி நடுவே கட்டியிருந்தால் நான்கு பக்கமும் எதற்கும் உதவாத ஒடுங்கிய கீற்றுகளே மிஞ்சியிருக்கும். பாவாவும் பிளெஸ்னரும் சுவரை மனையின் விளிம்புக்குத் தள்ளினார்கள். திறந்த வெளி முழுவதும் உள்ளே வந்து, கூழாங்கல் பரவி மரம் நின்ற பெரிய முற்றமாகவும் அதைச் சூழ்ந்த சிறு முற்றங்களாகவும் பிரிந்தது. முன்புறப் புல்தரை இல்லை. தெருவில் போகிறவருக்குக் காட்ட எதுவுமே இல்லை. அந்தஸ்தை முகப்பில் வைக்கும் ஒரு சமூகத்தில் இது துணிச்சலான முடிவு, அதை ஏற்ற எனாவின் துணிச்சலும் சிறியதன்று. தம் மரபுக்குரிய வீடு வேண்டும் என்று கேட்டவர் அவர்தான். பின்னர் அவர் வளர்த்த பத்திக் துணிக் கலை, பாவா வடிவமைத்த பெந்தோட்டை கடற்கரை ஹோட்டலின் வரவேற்புக் கூடத்தில் விதானமாகவே ஏறியது. துணியைச் சன்னலில்தான் தொங்கவிட வேண்டும் என்ற விதியும் அங்கே போயிற்று.

காலமும் கைகொடுத்தது. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. கண்ணாடியும் இரும்பும் அரிதாயின. கருங்கல், மரம், செங்கல், ஓடு என்று உள்ளூரில் கிடைத்தவையே வடிவத்தைத் தீர்மானித்தன. நாட்டு ஓடு நழுவும், ஒழுகும் என்பதால் அதை ஒதுக்கியவர்கள் உண்டு. பாவாவின் அலுவலகம் அலைவடிவச் சிமெந்துத் தகட்டைக் கீழே பரப்பி, அதன் பள்ளங்களில் அரைவட்ட ஓடுகளைப் பொருத்தியது. ஒழுக்கு நின்றது, கண்ணுக்குப் பழைய கூரையே தெரிந்தது. பார்பரா சன்சோனியின் கைத்தறித் துணிகள் அதுவரை யாரும் அருகருகே வைக்கத் தயங்கிய நிறங்களைச் சேர்த்து வைத்தன. சன்சோனி, ஓவியர் லக்கி சேனாநாயக்க போன்றோர் நாடெங்கும் சென்று பழைய கட்டடங்களை வரைந்து பதிவு செய்ததும் இக்காலத்தில்தான். விதியை உடைத்தவர்கள் பழையதை இவ்வளவு பொறுமையாகக் கற்றிருந்தார்கள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 1967 முதல் அலுவலகத்தின் பங்காளியாக இருந்த தமிழ்ப் பொறியாளர் கே. பூலோகசுந்தரத்தின் கணக்கு இல்லாமல் பிற்காலப் பெருங்கட்டடங்கள் நின்றிருக்கமாட்டா.

பாவாவின் சொந்த வீடு இன்னும் கூர்மையான சான்று. கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் வரிசையாக நின்ற நான்கு சிறு வீடுகளில் ஒன்றில் 1958இல் குடியேறி, பத்தாண்டுகளில் நான்கையும் ஒன்றாக்கினார். பளபளக்கும் வெள்ளைச் சிமெந்துத் தரை நெடுக நீண்டு போக, எதிர்பாராத இடங்களில் கூரை திறந்து, வெளிச்சக் கிணறுகளில் ஒரு செடி, ஒரு குளம், ஒரு சிற்பம் தெரியும். எந்த அறையிலிருந்து எந்த முற்றம் எவ்வளவு தெரிய வேண்டும் என்று அவர் வகுத்த கணக்கு, கறுவாக் குன்றில் போட்ட அதே கணக்குதான்.

அந்தச் சிறு குளத்தருகே நிற்பவை செட்டிநாட்டுத் தூண்கள். பர்மாவில் நிலமும் தொழிலும் இழந்த செட்டிநாட்டு நகரத்தார் குடும்பங்கள் பலவற்றால் பெரிய வீடுகளைப் பராமரிக்க இயலவில்லை. பிரிக்கப்பட்ட வீடுகளின் தூணும் கதவும் காரைக்குடிச் சந்தைக்கு வந்தன. ஒரு குடும்பத்தின் முகப்பைத் தாங்கிய தூணை இன்னொருவர் வெளிச்சக் கிணற்றில் நிறுத்துவது அலங்கார விதிப்படி பொருந்தாச் செயல். பாவாவின் கையில் அது பொருந்துகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அழகுக்குப் பின்னால் ஒரு வீடு இல்லாமல் போயிருக்கிறது என்பதையும் ஆய்வாளர் எழுதித்தான் ஆகவேண்டும். பாவாவின் தமிழகத் தொடர்பு தூண்களோடு முடியவில்லை. மதுரை நூற்பாலை அதிகாரிகளுக்கான மன்றக் கட்டடத்தை அவர் வடிவமைத்தார். சென்னை கன்னிமாரா ஹோட்டலை 1970களில் மாற்றியமைத்தவரும் அவரே.

உடைத்தது விதியானபோது

1994இல் தம்புள்ளைக்கு அருகே முடிந்த பாவாவின் கந்தளம ஹோட்டலில் இந்தப் போக்கு அதன் எல்லையைத் தொட்டது. பாறையோடு ஒட்டி நீண்ட கட்டடத்தின் வெளிச்சட்டங்களில் கொடிகள் ஏறின, கூரைகளில் செடி வளர்ந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் கட்டடம் எங்கே என்று தேட வேண்டும். வீட்டைச் சுற்றித் தோட்டம் என்று தொடங்கிய கதை, தோட்டத்துக்குள் கட்டடம் மறைவதாக முடிந்தது.

அதற்குள் உடைப்பு தானே ஒரு விதியாகிவிட்டது. 1970களில் பாலித் தீவின் சனூரில் ஓவியர் டொனால்ட் ஃபிரெண்டுக்காகப் பாவா திட்டமிட்ட பத்துஜிம்பார் குடில்கள் முதலாகப் பரவிய பாணி, இன்று ஆசியக் கடற்கரை விடுதிகள் பலவற்றில் அச்சாக விழுகிறது. வெள்ளைக் கூழாங்கல், ஒற்றை ஈழத்தலரி, எங்கிருந்தோ பெயர்த்து வந்த பழங்கதவு எல்லாம் இருக்கின்றன. குன்றை வெட்டவைத்த காரணம் இல்லை. எந்தத் திசையில் என்ன தெரிய வேண்டும் என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

எனா டி சில்வாவின் வீட்டுக்கு நேர்ந்தது இதனினும் சிக்கலானது. நகர நிலம் கைமாறியபோது, 2009இல் தொடங்கி அந்த வீட்டைக் கல் கல்லாக, ஓடு ஓடாகப் பிரித்து, எண்ணிட்டு, லுணுகங்கவுக்குக் கொண்டு சென்று மீண்டும் கட்டினார்கள். 2016இல் பணி முடிந்தது. ஒரு வீட்டைக் காக்க இத்தனை அக்கறை காட்டப்பட்டது போற்றத்தக்கது, இடித்து மண்மேடாக்குவதைவிட எவ்வளவோ மேல். ஆயினும் அந்த வீடு உள்நோக்கித் திரும்பியதற்குக் காரணம் நெருக்கமான நகரத்தின் சிறிய மனை. இப்போது அதன் மதிலுக்கு வெளியே நெரிசலான தெரு இல்லை, ஏரிக்கரைப் பசுமைதான் இருக்கிறது. முற்றம் அப்படியே இருக்கிறது, ஆனால் அந்த முற்றத்தைத் தேவையாக்கிய நகரம் கொழும்பிலேயே நின்றுவிட்டது. பாவா உயிரோடிருந்து அந்த வீட்டை லுணுகங்கவில் புதிதாகக் கட்டியிருந்தால், அந்த மதிலின் ஒரு பக்கத்தையாவது திறந்திருப்பார் என்றே அவருடைய ஐம்பதாண்டு வேலையைப் பார்த்தபின் கருதுகிறேன்.